கப்பி, கயிறு, கறிவேப்பிலை: ஒரு பின்கட்டு ரகசியம்

முதலில் கயிறு. நைலான் கயிறு வழுக்கும், கையை அறுக்கும். தேங்காய் நார்க் கயிறு பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் பால்கனிச் சுவரில் உரசி, தும்பு தும்பாகப் பிய்ந்து கீழ்வீட்டு வடாம் தட்டில் விழும். துணி காயப்போடும் கொடிக்கயிறு இருக்கிறதே, அது சாதுபோல இருந்துகொண்டு ஒரு தர்பூசணிக்கே கைவிரித்துவிடும். தர்பூசணி விழுந்தது செக்ரட்டரி சாரின் ஸ்கூட்டர் சீட்டில். 2020 ஏப்ரலில், சென்னை மடிப்பாக்கத்தில், பதினெட்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கிடைத்த முதல் தொழில்நுட்ப அறிவு இதுதான்.

வாங்க, பின்பக்கமாகவே போய்விடுவோம். முன்வாசலில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சானிடைசர் பாட்டில், ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று சாக்பீஸில் எழுதிய பலகை, வெளியாள் என்று ஒருவரும் வராததால் போரடித்துப்போய் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் தாத்தா. அவ்வளவுதான். ஊரடங்கின் சுவாரசியமெல்லாம் மோட்டார் ரூமுக்குப் பக்கத்துச் சந்தில் நடந்தது.

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, நள்ளிரவு முதல் 21 நாள் நாடே மூடல் என்றார். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று எல்லா சேனலிலும் சொன்னார்கள். எங்கள் படிக்கட்டின் அகலமே மூன்றரை அடி. எதிரே ஆள் வந்தால் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் பெரும்பாலும் பெரியவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும். அவர்கள் கீழே இறங்கக் கூடாது, நாங்கள் மேலே ஏறக் கூடாது. அப்படியென்றால் முருங்கைக்காய் எப்படிப் போகும்?

விடை கிணற்றடியில் கிடைத்தது. அடுக்குமாடி வருவதற்கு முன் அந்த மனையில் இருந்த தனிவீட்டின் கிணறு, கம்பிவலை போட்டு மூடியபடி காம்பவுண்டு ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அதன் இரும்புக் கப்பி, மோட்டார் ரூமில் காலி பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. முதல் மாடி எலெக்ட்ரீஷியன் அண்ணன் அதைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, மூன்றாவது மாடி வராந்தா கிரில்லில் மாட்டினார். கப்பி மேலே இருந்தால் இழுப்பவர் கீழேயே நிற்கலாம், வயதானவர்கள் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். கூடை, பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. அதன் பிடியில் ஒரு சைக்கிள் பெல். ஒருமுறை அடித்தால் ‘ஏற்று’. இரண்டு முறை அடித்தால் ‘நிறுத்து’. விடாமல் அடித்தால் பால் பாக்கெட் கிழிந்துவிட்டது என்று பொருள்.

இழுக்கும் வேலைக்குப் பிள்ளைகளிடையே அடிதடி. பள்ளிக்கூடம் இல்லை, தெருவில் கிரிக்கெட் இல்லை. மொத்தக் குடியிருப்பிலும் இருந்த ஒரே விளையாட்டு கத்தரிக்காயை மேலே அனுப்புவது. முறை வைத்தோம். முறையை மீறியவர்களுக்குத் தண்டனை, வந்த காய்கறியை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கழுவுவது. அது தண்டனை என்று தெரியாமல் அதற்கும் வரிசை கட்டினார்கள்.

அந்தக் கயிற்றுக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. கொடிக்கயிறு கைவிட்ட பிறகு, தரைத்தளத்து மாமா தன் பரணிலிருந்து ஒரு பருமனான பருத்திக் கயிற்றை எடுத்து வந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது, படகில் வந்த சாப்பாட்டுப் பொட்டலங்களை முதல் மாடிக்கு இழுத்த கயிறு அது. எங்கள் ஏரியாவில் உதவி என்றால் என்ன என்று எல்லோரும் கற்றுக்கொண்டது அந்த வெள்ளத்தில்தான். முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்து இழுப்பது, ஒரே ஹாலில் ஆறு குடும்பம் படுப்பது, யாரோ ஒருவரின் சட்டையை யாரோ ஒருவர் போட்டுக்கொள்வது. 2020 வந்து, கற்றதை எல்லாம் மறந்துவிடு என்றது. கையைப் பிடிக்காதே. பக்கத்தில் படுக்காதே. ஆனால் உதவு! கணக்கு வாத்தியார் வேண்டுமென்றே குழப்பிக் கேட்கும் கேள்விபோல இருந்தது. கயிறு மட்டும் இரண்டு வருடத் தேர்விலும் பாஸ்.

கடைக்குப் போகும் படையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர்தான். மற்றவர்கள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஏற்பாடு. ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 முதல் பகல் 1 மணி வரைதான் என்று நேரம் குறுகியது. ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய்க்கும் இலவச அரிசிக்கும் டோக்கன். வாசலில் பிளீச்சிங் பவுடரால் வட்டம் போட்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு வட்டம். வெயில் ஏற ஏற வட்டத்துக்குள் ஆளைக் காணோம்! ஒரு வட்டத்தில் மஞ்சப்பை, அடுத்ததில் ஒற்றைச் செருப்பு, அதற்கடுத்ததில் அரைச் செங்கல். ஆட்களெல்லாம் எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில், ஆறடி என்ன, ஆறு அங்குலம்கூட விடாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்புகள் மட்டும் அரசு விதியைத் துளிகூட மீறவில்லை.

சரி, சாமான் பட்டியல் எப்படி வரும்? வாட்ஸப்பில்தான். ஆனால் ஒரு குரூப் போதவில்லை. அதிகாரபூர்வ குரூப்பில், தட்டைத் தட்டி ஒலியெழுப்பினால் வைரஸ் சாகுமா என்ற ஆராய்ச்சியும் கபசுரக் குடிநீர்க் காணொளிகளும் வந்து விழுந்துகொண்டே இருக்க, நடுவில் ‘இட்லி அரிசி 2 கிலோ’ என்று ஒருவர் போட்டது காணாமல் போனது. அதனால் ‘லிஸ்ட் மட்டும்’ என்று இரண்டாவது குரூப். அதிலும் ஒருவர் குட்மார்னிங் ரோஜாப்பூ போட்டார். அவரை மட்டும் விட்டுவிட்டு மூன்றாவது குரூப் ஆரம்பித்தோம். அவருக்கு இன்றுவரை தெரியாது. (சார், படித்துக்கொண்டிருந்தால் வணக்கம்.)

டைப் அடிக்கத் தெரியாதவர்கள் குரல் பதிவு அனுப்பினார்கள். மூன்றாவது மாடி ஆச்சிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அவர் அனுப்பிய ஒரு பதிவை அப்படியே தருகிறேன், அவர் அனுமதியோடு:

“தம்பி… பேசுதா இது? சிவப்பு லைட்டு எரியுது. ஆமா. நல்லாருக்கியாய்யா? சாப்ட்டாச்சா? நான் இப்பதான் ரசம் வச்சேன். புளி தீந்துபோச்சு, ஆனா அதுக்காகச் சொல்லல. தக்காளி அரைக்கிலோ வேணும். ரொம்பக் கனிஞ்சதா வாங்கிராத, ரெண்டு நாளு வைக்கணும். ரொம்பக் காயாவும் வேண்டாம். எங்க வீட்டுல அவுக இருந்தப்ப தக்காளி மட்டும் வாங்கத் தெரியாது பாத்துக்கோ. ஒருநாளு மார்க்கெட்டுல…”

மார்க்கெட்டில் என்ன நடந்தது என்பது இன்னும் மூன்று நிமிடம் ஓடும். கடைசியில், “கறிவேப்பிலைக்குக் காசு குடுக்காத, சும்மா கேளு, தருவாவ.”

தரவில்லை! கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகத் தந்துகொண்டிருந்த வண்டிக்காரர், கோயம்பேட்டிலிருந்து சரக்கு வராத அந்த மே மாதத்தில் கறிவேப்பிலைக்குப் பத்து ரூபாய் கேட்டார். கோயம்பேடு சந்தையை மே 5ல் மூடியிருந்தார்கள். மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போய்விட்டது. பொருளாதாரச் சரிவையும் மற்ற எல்லாவற்றையும் தாங்கிய எங்கள் குடியிருப்பு கறிவேப்பிலைக்குக் காசா என்று கொதித்துப்போனது. மறுநாள் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நடப்பட்டது.

குரல் பதிவுகளைப் பட்டியலாக மாற்றும் வேலை, முதல் மாடியில் பி.காம் படிக்கும் பெண்ணுக்கு. ஆச்சியின் நாலு நிமிடத்தைக் கேட்டு அவள் எழுதியது ஒரே வரி: ‘தக்காளி அரைக்கிலோ, நடுத்தரம். புளி கால் கிலோ. கறிவேப்பிலை.’ புளிக்காகச் சொல்லவில்லை என்று ஆச்சி சொன்னதை அவள் நம்பவில்லை, பாருங்கள். அங்கேதான் எனக்கு அந்தப் பெண் மேல் மரியாதை வந்தது. கொஞ்ச நாளில் அவள் பதிலுக்குக் குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தாள்: “ஆச்சி, அப்புறம் அந்த மார்க்கெட்ல என்ன ஆச்சு?” ஜூன் வாக்கில் ஆச்சியின் பதிவுகள் கடையெல்லாம் மூடிய பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு வர ஆரம்பித்தன. அவற்றில் சாமான் எதுவும் இருக்காது.

இனி மேஜை. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

கொடுப்பதற்குப் பலர் தயாராக இருந்தார்கள். வாங்க வேண்டிய நிலையில் சிலர் இருந்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கால் டாக்சி ஓட்டுபவர், துணிக்கடையில் வேலை பார்ப்பவர், பக்கத்துத் தெருவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காக்கள். மாசச் சம்பளம் நின்றவர்கள் எங்கள் மாடியிலும் உண்டு. யாரையும் போய்க் கேட்க முடியாது. படிக்கட்டின் கீழே, இஸ்திரிக்காரரின் மேஜையைப் போட்டோம்; அவர் ஊருக்குப் போயிருந்தார், மேஜையில் கரிப்பெட்டி சுட்ட முக்கோணங்கள் மட்டும் இருந்தன. அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய் பாக்கெட், செய்தித்தாளில் சுற்றிய நாப்கின். ‘வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அட்டை.

ஒருவரும் எடுக்கவில்லை. முதல் நாள், சரி, தெரிந்திருக்காது. அடுத்த நாளும் அப்படியே. குரூப்பில் ஆராய்ச்சி தொடங்கியது. பிராண்டு சரியில்லையோ? பொன்னி அரிசி வைத்தால்? ‘தேவை இல்லை போலிருக்கிறது, நம்ம பில்டிங்கில் எல்லோரும் வசதியானவர்கள்’ என்று ஒருவர் பெருமையாகவே போட்டார்.

ரகசியத்தை உடைத்தது வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர், போனில். “மேஜைக்கு நேரா தாத்தா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா எப்படி சார் எடுப்பாங்க? மேல கேமரா வேற.”

தாத்தா பாவம், யாரும் திருடிவிடாமல் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டோம். மேஜைக்கு முதுகு. கேமராதான் பெரிய ரகளை. பாதுகாப்பு, பொறுப்பு, நாளைக்கு ஏதாவது ஆனால் என்று செக்ரட்டரி சார் ஒரு பக்கம் எழுதினார். ஓட்டெடுப்பு நடந்து, பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் ஜெயித்து, ஏணி வைத்துக் கேமராவின் கண்ணில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டைக் கட்டினோம். கட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? எதிர்த்து ஓட்டுப் போட்ட செக்ரட்டரி சாரேதான். “கட்டுறதுன்னா ஒழுங்காக் கட்டணும்” என்றார்.

மறுநாள் காலை மேஜையில் பாதிக்கு மேல் காலி. அதைவிட ஆச்சரியம், காலியான இடத்தில் நாங்கள் வைக்காத முருங்கைக்காய்க் கட்டு ஒன்று! கூடவே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால், ‘புளி இருந்தா வைங்க.’ அதற்குப் பிறகு மேஜை பேச ஆரம்பித்துவிட்டது. ‘குழந்தைக்கு பால் பவுடர்.’ ‘சுகர் மாத்திரை பேரு எழுதி இருக்கேன்.’ ‘பருப்பு போதும், சோப்பு வைங்க.’ யார் எழுத்து என்று கண்டுபிடிக்க முயலக் கூடாது என்பது எழுதாத சட்டம். கையெழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று பெருமையடித்த ரிட்டயர்டு தமிழாசிரியரை மேஜைப் பக்கமே விடவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது இதுதான்: தூரம் என்பது நோய்க்காக வந்தது, ஆனால் வாங்குபவரின் கூச்சத்தையும் அது தன்னோடு எடுத்துக்கொண்டு போனது. அந்த நாட்களில் பேப்பரில் வந்த நிவாரணப் படங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு காய்கறிப் பையைப் பிடித்திருக்கும் கைகள் ஏழு, அதில் வாங்குகிற கை எது என்று தேட வேண்டும். தன்னார்வலர்களும் கட்சிகளும் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது என்று ஏப்ரல் நடுவில் அரசு அறிவித்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. முன்கூட்டியே தகவல் சொல்லி, கூட்டம் சேர்க்காமல், ஓட்டுநரோடு சேர்த்து நாலு பேருக்கு மேல் போகாமல் கொடுக்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. நாலு பேர் என்றவுடன் போட்டோவில் கைகள் குறைந்தன. நீதிமன்றம் எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல அது, ஆனாலும் நன்றி.

எங்கள் மேஜைக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இத்தாலியில் இருப்பது பிறகு தெரியவந்தது. நேப்பிள்ஸ் நகரத்தின் பழைய தெருக்களில் பால்கனியிலிருந்து கூடை இறக்கிச் சாமான் வாங்குவது வெகுநாள் வழக்கம். 2020 வசந்தத்தில், ஊரே அடைந்து கிடந்தபோது, அங்கே சிலர் ரொட்டியும் பாஸ்தாவும் தக்காளி டின்னும் வைத்துக் கூடையைத் தெருவுக்கு இறக்கிவிட்டார்கள். முடிந்தவர் போடலாம், முடியாதவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டையும் தொங்கியது. ஏழை நோயாளிகளிடம் காசு வாங்காத அந்த ஊர் மருத்துவர் ஜுசெப்பே மொஸ்காத்தியோடு சேர்த்துச் சொல்லப்படும் வாசகம் அது. 1927ல் இறந்த அவருக்கு 1987ல் புனிதர் பட்டம் கிடைத்தது. கூடையைப் பார்த்ததும் எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “கப்பி இல்லாம வெறும் கையால இழுக்கறாங்களா?”

கோவைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி, ஊரடங்கிலும் உளுந்து விலை ஏறியபோதும் ஒரு ரூபாய்க்கே இட்லி போட்டதை எல்லோரும் அறிவார்கள். சென்னையில் அம்மா உணவகங்கள் ஒருநாளும் அடுப்பை அணைக்கவில்லை. பல நாட்கள் காசே வாங்கவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் மேஜை ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் எங்கள் மூலையில் ஒரு சிக்கல் வந்தது, அவர்களுக்கு வராதது: பாத்திரம்.

தமிழ்ப் புத்தாண்டு அன்று ஆச்சி கூடையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய மாங்காய்ப் பச்சடி இறக்கினார், வேப்பம்பூ மிதக்க. சாப்பிட்டோம். சட்டியைத் திருப்ப வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் பழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது? சுரைக்காய்க் கூட்டு போட்டு அனுப்பினோம். ஆச்சியும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதில் சொதி வைத்து இறக்கினார். இப்படியே அந்தச் சட்டி மூன்று மாடிகளுக்கும் போய் வந்துகொண்டிருக்க, பாத்திரம் வழியாகத் தொற்றுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வீடும் அதைக் கொதிநீரில் முக்கி முக்கி எடுத்ததில், அடியில் வெட்டியிருந்த பெயரே தேய்ந்துபோனது. ‘பாத்திரப் போக்குவரத்துக்குத் தடை’ என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுத்தான் நிறுத்த முடிந்தது.

ஜூலையில் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்குத் தொற்று வந்தது. மாநகராட்சிக்காரர்கள் வந்து கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, வாசலில் தகரம் அடித்தார்கள். அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, எனக்கு. தகரத்துக்கு மேலாகப் பால், மருந்து, குழந்தைக்கு வண்ணப் பென்சில். எதிர்வீட்டு அம்மா அந்த இரண்டு வாரமும் தகரத்துக்கு முன்னால் கோலம் போட்டார். உள்ளே இருந்தவர் தகரத்து இடுக்கு வழியாகப் பார்த்து, “புள்ளி ஒண்ணு தப்பு” என்று போன் பண்ணினாராம். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் பாட்டு டீச்சரையும் எட்டிப் பார்த்துவிடுவோம், சுருக்கமாக. ஸூமில் கிளாஸ். இருபது, முப்பது மில்லி செகண்டுக்கு மேல் ஒலி தாமதித்தால் இரண்டு பேர் சேர்ந்து பாடுவது சிரமம். இணையத்தில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. டீச்சர் ஆதி தாளம் போட, அமெரிக்காவில் இருக்கும் சிஷ்யைகள் நாலு பேரும் நாலு இடத்தில் சமத்துக்கு வந்து சேருவார்கள். தீர்வு, எல்லோரும் மியூட். ஒருவர் பாட மற்றவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். வாயசைவை வைத்தே, “நிஷாதம் இறங்குது, ஏத்து” என்று டீச்சர் சொன்னதைப் பார்த்துத்தான் மிரண்டேன். அந்த வருடம் மியூசிக் அகாடமி மார்கழிக் கச்சேரிகளையே இணையத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. சபா கேன்டீன் இல்லாத சீசனைச் சென்னை எப்படிப் பொறுத்துக்கொண்டது என்பது தனிக் கட்டுரை.

2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின்போது, இந்தக் கும்மாளம் எதுவும் இல்லை. பி.காம் பெண்ணும் அவள் தோழிகளும் அவரவர் வீட்டில் இருந்தபடி, ஆக்சிஜன் படுக்கை இருக்கிறதா என்று ஒவ்வொரு எண்ணாக அழைத்து, உறுதி செய்த நேரத்தோடு பட்டியல் போட்டார்கள். இருபது நிமிடத்தில் அந்தப் பட்டியல் பழசாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. அதைப் பற்றி நான் கேட்டால் அவள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். சரி.

மேஜையை 2020 செப்டம்பரில் எடுத்தோம், பஸ் ஓட ஆரம்பித்து, இஸ்திரிக்காரர் திரும்பி வந்து கேட்டபோது. மேஜைக்காக ஜிபேயில் சேர்ந்த பணத்தில் 412 ரூபாய் மிஞ்சியது. கொடுத்தவர்களுக்குத் திருப்பலாம் என்றால் பேர் போடாமல் கொடுத்தவர்களும் உண்டு. வேறு செலவுக்கு எடுக்கலாம் என்றால், அது மேஜைப் பணம், கூடாது என்கிறார் செக்ரட்டரி சார். அதனால் ஒவ்வொரு வருடமும் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது, தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க், பெயின்ட் எல்லாம் முடிந்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, “கொரோனா மேஜை, இருப்பு 412” என்று படிப்பார். யாரும் கேள்வி கேட்பதில்லை. அடுத்தது லிஃப்ட் போடலாமா என்ற தீர்மானம், அதில்தான் சண்டை.